சர்வேக்காரரின் உறவுக்காரி

எங்கள் கல்லூரியில் தத்துவத்துக்கென்று தனித்துறை இல்லை. தர்க்கமும் அறவியலும் துணைப்பாடமாக இருந்தன. அவற்றை நடத்த ஒரே ஒருவர் இருந்தார். மாணவிகளுக்கு அவர் தத்துவ மேடம். நான் பொருளியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். இருவருக்கும் வீடு சாத்தூரில். தினமும் ஒரே பேருந்தில் விருதுநகருக்குப் போய் வந்ததில் ஒரு மாதத்துக்குள் அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை.

மெலிந்த உடம்பு, காதோரம் நரை, எப்போதும் பருத்திச் சேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். தங்கை பட்டாசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மதுரையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நூலகத்தில் அமெரிக்கத் தத்துவத்துக்கென ஓர் அலமாரி இருந்ததாம். அதைத் தொட ஆளில்லை என்பதாலேயே தான் தொட்டதாகச் சொல்வார்.

பேருந்தில் அந்தத் தத்துவவாதிகளைப் பற்றி ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவார். பெயர் சொல்ல மாட்டார். ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் வைத்திருந்தார். ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தனியாக வாழ்ந்து பார்த்தவர் குளத்தங்கரைக்காரர். பிள்ளைகள் எதையும் செய்து பார்த்துத்தான் கற்கிறார்கள் என்று பள்ளிக்கூடம் நடத்திக் காட்டியவர் பள்ளிக்கூடத்துக்காரர். மருத்துவம் படித்துவிட்டு மனசைப் பற்றி எழுதப் போனவர் டாக்டர். நில அளவைத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே தர்க்கம் எழுதியவர் சர்வேக்காரர்.

குளத்தங்கரைக்காரர் மீது அவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அநியாயம் செய்கிற அரசாங்கத்துக்கு வரி கட்ட மாட்டேன் என்று அவர் ஓர் இரவு சிறையில் இருந்தார். மறுநாள் யாரோ வரியைக் கட்டி அவரை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அவருடைய அத்தை என்கிறார்கள். அந்த அம்மா என்ன நினைத்துக் கட்டினார் என்று யாரும் விசாரித்து எழுதவில்லையே என்பதுதான் அக்காவின் குறை.

சர்வேக்காரர் மீது இருந்தது பாசம். அத்தனை பேரிலும் மூளை அவருக்குத்தான் என்பார். எந்தக் கல்லூரியும் அவரை நிலையாக வைத்துக்கொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் குளிருக்கு அடுப்பு மூட்டக்கூட வழியில்லாமல் கிடந்தார். டாக்டர்தான் நண்பர்களிடம் கேட்டு வாங்கி உதவினார். இதைச் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கிவிடும். முன் இருக்கையில் இருந்த பெண் ஒரு தடவை திரும்பி, "இப்ப எப்படி இருக்காக அவுக?" என்று கேட்டார். "தவறிட்டாகம்மா. ரொம்ப நாளாச்சு" என்றார் அக்கா. அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சர்வேக்காரரிடமிருந்து அவர் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். ஒருவருடைய நம்பிக்கை என்பது அவர் வாயால் சொல்வது அல்ல, அதை வைத்து அவர் எதைச் செய்யத் தயாராக இருக்கிறாரோ அதுதான். மற்றவர்கள் இதைத் தேர்வுக்குப் படிப்பார்கள். அக்கா இதை மனிதர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். யாராவது எதையாவது நம்புவதாகச் சொன்னால் தலையைச் சற்றுச் சாய்த்து, மெதுவாக, "அப்படின்னா என்ன செய்வீக?" என்பார். கேலியோ சவாலோ அதில் இருக்காது. நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசை இருக்கும். அதனால்தான் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் படிப்பு ஏறும் என்று நம்புவதாக ஒருநாள் சொன்னவர், சொன்ன மாத்திரத்தில் நிறுத்திக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் அவருடைய வாடகை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு நடத்துவதும் இதே மாதிரிதான். நான் தாழ்வாரத்தில் நடந்துபோன ஒருநாள், ஒரு தீக்குச்சியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். இதை யாரும் எப்போதும் உரசப்போவதில்லை, அப்படியே மக்கிப்போகப் போகிறது, அப்போதும் இது எரியக்கூடியதுதானா என்று கேட்டார். பாதி வகுப்பு தீப்பெட்டி ஒட்டி வளர்ந்த பிள்ளைகள். எரியும் என்றார்கள், மழையில் நனைந்தால் எரியாது என்றார்கள், சண்டை போட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "ஒரசாமலே கெடந்தா அது வெறுங்குச்சிதான் மேடம்" என்றாள். அந்தப் பதிலை அக்கா வாரம் முழுக்கப் பேருந்தில் சொல்லி மகிழ்ந்தார். சர்வேக்காரரே முதலில் அப்படித்தான் நினைத்தாராம், வயதான பிறகுதான் மாற்றிக்கொண்டாராம்.

ஆசிரியர் அறையில் இயற்பியல் துறைத் தலைவர் ஒருவர் இருந்தார். நல்லவர். பேச்சோடு பேச்சாகத் தனக்குச் சாதி வித்தியாசமெல்லாம் கிடையாது என்று ஒரு மதியம் சொன்னார். அக்கா டிபன் டப்பாவை மூடிவிட்டு, "அப்படின்னா ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க சார்" என்றார். அவர் உடனே சரியென்றார். அந்த ஞாயிறு நானும் போயிருந்தேன். அக்கா கோழிக்குழம்பு வைத்து, இலை வாங்கி வைத்துக் காத்திருந்தார். மூன்று மணிக்கு மேல் நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். எனக்கு ஆத்திரமாக இருந்தது. பொய் சொல்லிவிட்டாரே என்றேன்.

"பொய் இல்லம்மா. என்ன நம்புறோம்னு அவருக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கும். பாவம், இப்ப அவர் வீட்டுல எப்படி உட்கார்ந்திருக்காரோ" என்றார் அக்கா.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வேலைநாள் மாலையில், முன்னறிவிப்பில்லாமல் அவர் மனைவியோடு வந்து நின்றாராம். வீட்டில் ரசமும் அப்பளமும்தான் இருந்தன. இருவரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இதை அக்கா ஒரு வெற்றியாக எனக்குச் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு ரசம் பிடித்திருந்தது என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வீட்டில் அவருக்கு நல்ல மதிப்பு இருந்தது. எங்களுடையது முஸ்லிம் வியாபாரக் குடும்பம். அத்தா இறந்தபின் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சிறிய பட்டாசு ஆலையை அண்ணன் பார்த்துக்கொண்டார். சிவகாசிக் கம்பெனி ஒன்று ஆர்டர் கொடுக்கும், அண்ணன் செய்து அனுப்புவார். அந்த வருடங்களில் ரம்ஜான் மாதமும் தீபாவளி சீசனும் ஒன்றாகவே வந்தன. நோன்பு திறக்கும் நேரத்துக்கு அக்கா அடிக்கடி வருவார். எங்கள் அம்மா ஊற்றும் நோன்புக் கஞ்சி அவருக்கு உயிர். அவருடைய தங்கை வேலை பார்த்தது எங்கள் ஆலையில்தான். வெடிக்குள் மருந்து அடைக்கும் அறையில்.

அந்த வருடம் ஆர்டர் அதிகம். இத்தனை பேர்தான் உட்கார வேண்டும் என்று விதி இருந்த அறையில் அதைப்போல இரண்டு மடங்கு ஆட்கள் உட்கார்ந்தார்கள். எல்லா ஆலையிலும் சீசனுக்குச் சீசன் நடப்பதுதான். முழங்காலோடு முழங்கால் இடிக்கிறது என்று தங்கை சிரித்துக்கொண்டே சொன்னதை அக்கா மனதில் வைத்திருக்க வேண்டும். ஒரு மாலை பாங்கு சொல்லி, எல்லோரும் நோன்பு திறந்து, அண்ணன் இரண்டாவது கிண்ணம் கஞ்சி வாங்கும்போது அதைப் பற்றிக் கேட்டார்.

அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. அங்கே எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது, இத்தனை வருடத்தில் ஒரு பொறி விழுந்ததில்லை என்றார்.

"நீங்க அப்படி நம்புறீகளா?"

"நம்பாமயா டீச்சர் நாலு பேரை உள்ள உட்கார வெச்சு வேலை வாங்குறேன்?"

அக்கா தலையைச் சாய்த்தார்.

"தப்பா எடுத்துக்கிறாதீக. அப்படின்னா உங்க வீட்டம்மாவை நாளைக்கு அந்த ரூம்ல உட்கார விடுவீகளா?"

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. உள்ளே அண்ணி பாத்திரம் கழுவும் சத்தமும் நின்றுவிட்டது. அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, "அவ எதுக்கு? நான் உட்காருறேன்" என்று எழுந்து தொழுகைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆலைக்குப் போய் அந்த அறையில் தரையில் உட்கார்ந்தார். முதலாளி விளையாடுகிறார் என்று போர்மேன் நினைத்தாராம். பெண்கள் கூச்சப்பட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அண்ணன் நோன்போடு காலை முதல் மாலை வரை உட்கார்ந்தார். அடுத்த நாளும் உட்கார்ந்தார். வீட்டுக்கு வரும்போது கையும் முகமும் மருந்து படிந்து வெள்ளிநிறத்தில் மினுங்கும். மூன்றாம் நாள் மாலை தண்ணீரைக் குடித்து நோன்பு திறந்தவர், கஞ்சி வேண்டாமென்று சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மத்தியானத்துல அங்கன ஒரு அனல் வருது. அப்போ யாரும் பேச மாட்டாக. பக்கத்துல ஒருத்தி தும்முனா எல்லாரும் கையை நிறுத்திடுறாக. எனக்கு இது தெரியாது. அத்தாவுக்குத் தெரியுமான்னு யோசிச்சுட்டே இருந்தேன்" என்றார்.

அடுத்த நாள் ஒவ்வொரு அறையிலும் பாதி ஆட்களை எழுப்பி வீட்டுக்கு அனுப்பினார். டீச்சருக்குச் செய்கிற மரியாதையாக நினைத்து, அக்காவின் தங்கையை முதலில் அனுப்பினார்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. சொன்ன தேதிக்குச் சரக்கு போகவில்லை. கம்பெனி மீதி ஆர்டரை வேறு ஆலைக்குக் கொடுத்துவிட்டது. அடுத்த வருடம் ஆர்டரே வரவில்லை. அதற்கடுத்த சித்திரைக்குள் அண்ணன் ஆலையை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டார். எங்கள் வீட்டின் முன்கட்டு வாடகைக்குப் போனது. புதிதாக எடுத்தவர் பழையபடி அறை நிறைய ஆட்களை உட்கார வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் தீபாவளியும் போனது, அதற்கடுத்த தீபாவளியும் போனது. அந்த அறையில் ஒரு பொறி விழவில்லை.

அதைத்தான் எங்கள் அம்மாவால் தாங்க முடியவில்லை. ஏதாவது நடந்திருந்தால், பிள்ளை முன்கூட்டியே தப்பித்தான் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். ஒன்றுமே நடக்காத இடத்துக்குப் பயந்து தொழிலை விட்டவன் என்றல்லவா சொந்தக்காரர்கள் பேசினார்கள். அக்காவை அதன் பிறகு அம்மா கஞ்சி குடிக்கக் கூப்பிடவில்லை.

அக்காவின் தங்கை அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். சீசன் கூலியை வைத்துத்தான் அந்த வீட்டில் வருடம் ஓடும். பாதிச் சீசனில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், புது ஆள் ஆலையை எடுத்ததும் முதல் ஆளாகப் போய் அதே அறையில் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அக்கா பார்க்கப் போனபோது வாசலிலேயே நிறுத்தி, மருந்துத் தூசியால் வந்த இருமலுக்கு நடுவே, "ஒனக்கு மாசம் பொறந்தா சம்பளம். கேள்வி கேக்கலாம். நான் கேட்டனா ஒன்னைய?" என்றாராம். இதை அக்காவே எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, அவள் சொன்னதில் தப்பில்லை என்றார்.

அண்ணன் அந்த நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். கடைத்தெருவுக்குப் போவதில்லை. அக்கா விசாரித்தபோது டாக்டரின் கதையைச் சொன்னார். இளவயதில் டாக்டர் இப்படித்தான் மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாராம். உயிரை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாராம். எல்லாம் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டது, நம் கையில் ஒன்றுமில்லை என்ற எண்ணம் அவரை அழுத்தியதாம். கடைசியில், என் மனசுக்குச் சுதந்திரம் இருக்கிறது என்று நம்புவதையே அந்தச் சுதந்திரத்தின் முதல் வேலையாகச் செய்கிறேன் என்று முடிவெடுத்து எழுந்தாராம். நான் இதை அண்ணனிடம் அப்படியே சொன்னேன். முகத்தைத் திருப்பாமலேயே, "அவர் வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்கும்" என்றார். மறுநாள் பேருந்தில் அக்காவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரியாத்தான் சொல்லியிருக்காக. டாக்டர் வசதியான வீட்டுப் பிள்ளைதான். நான் அதை யோசிக்கல" என்றார்.

அண்ணன் சவூதிக்குப் போன பிறகு ஒரு மாலையில்தான் நான் அதைக் கேட்டேன். நால்வழிச் சாலைக்காக நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தது. உங்கள் தத்துவவாதிகள் எதையும் விளைவை வைத்துத்தானே எடைபோடச் சொல்கிறார்கள், அப்படிப் பார்த்தால் எங்கள் அண்ணன் செய்தது சரியா தப்பா என்றேன். குரலில் கசப்பு இருந்திருக்கும்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாத்தூர் ஆற்றுப்பாலம் வந்ததும்தான் என் பக்கம் திரும்பினார்.

"அந்த ரூம் வெடிச்சிருந்தா எல்லாரும் என்னைய நல்லவள்னு சொல்லியிருப்பாக. வெடிக்கலேங்கிற நிம்மதியிலதான் தெனம் தூங்குறேன், உள்ள இருக்கிறது என் தங்கச்சி. இது ரெண்டையும் சேர்த்து வெச்சு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி ஒன்கிட்ட பேசக் கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு வெகுகாலம் அவர் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆசிரியர் அறையில் யாராவது எதையாவது நம்புவதாகச் சொல்வார்கள். அக்காவின் தலை லேசாகச் சாயும். பிறகு நிமிர்ந்து விடைத்தாளைத் திருத்தத் தொடங்கிவிடுவார். மற்றவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அண்ணன் முதல் விடுப்பில் வந்தபோது நேராக அக்காவின் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். பேரீச்சம்பழமும் கோடாலித் தைலமும் எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். அக்கா கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அண்ணன் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அங்கே ஒரு மளிகைக் கிடங்கில் வேலை, பரவாயில்லை என்றார். பிறகு மனதில் வைத்திருந்ததைச் சொன்னார்.

"ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்ல டீச்சர். அங்கன உட்கார்ந்து பார்த்த பெறகு ஆளைக் குறைக்காம இருக்க என்னால முடியாது, அது நானாச் செஞ்சது. ஆனா நீங்க கேட்ட எடம் தப்பு. என் அம்மா முன்னால, என் பொஞ்சாதி காதுல விழுற மாதிரி கேட்டீக. ஃபேக்டரிக்கு வந்து தனியாக் கேட்டிருந்தா, ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசிச்சிருக்கலாம். ஆர்டரைப் பிரிச்சுக் கொடுத்திருக்கலாம். வேற ஏதாவது வழி பார்த்திருக்கலாம். எனக்கு அன்னைக்கு ரோசத்துக்கு மட்டுந்தான் எடம் இருந்துச்சு."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா. எந்த எடத்துல வெச்சுக் கேக்குறோம்னு நான் யோசிச்சதே இல்ல" என்றார். பிறகு எழுந்து போய் இரண்டு பேருக்கும் தோசை வார்த்தார். அண்ணன் நன்றாகச் சாப்பிட்டார்.

அதற்கடுத்த வாரம் அவர் மறுபடி கேட்கத் தொடங்கினார். ஆனால் நாலு பேர் முன்னால் கேட்பதில்லை. தாழ்வாரத்தின் கோடியில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில், யாரையாவது தனியாக நிறுத்தி வைத்துத் தலைசாய்த்துப் பேசிக்கொண்டிருப்பார். சில நேரம் அது அரைமணி நேரம் ஆகும். கேட்டுவிட்டு அவர் விலகிப் போவதில்லை என்பதையும் நான் அப்போதுதான் கவனித்தேன்.

பாடத்திட்டத்தில் தத்துவத் துணைப்பாடத்தை எடுத்துவிட்டார்கள். அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. சாத்தூர் ரயில் நிலையத்தில் நான்தான் ஏற்றிவிட்டேன். தங்கை வரவில்லை. ரயில் கிளம்பும்வரை அக்கா நடைமேடையின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவருடைய தங்கையை ஒரு வருடம் கழித்து ஏழாயிரம்பண்ணையில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவைப் பற்றி நேரடியாக எதுவும் கேட்கவில்லை. ஆலையைப் பற்றிப் பேசினார். அதே அறையில்தான் இன்னும் வேலை, ஆட்களும் குறைந்தபாடில்லை என்றார். ஆனால் இப்போது யாரும் ஒரே இடத்தில் உட்காருவதில்லையாம். இன்றைக்கு உள்சுவரோரம் உட்கார்ந்தவள் நாளைக்கு, தீப்பிடித்தால் ஓடித் தப்ப வழியுள்ள வாசலோரம் வந்துவிடுவாளாம். புதிதாக வருகிறவளுக்கும் அதே முறைதான். முதலாளி கேட்டதற்கு, முதுகுவலிக்கு மாறி மாறி உட்காருகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். யார் ஆரம்பித்தது என்று கேட்டேன்.

"நாங்கதான். எல்லாருமாப் பேசித்தான்" என்றார். பிறகு பந்திக்குக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டார்.

அன்று மாலையே அக்காவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். சர்வேக்காரரையோ டாக்டரையோ இழுத்து ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்து அக்கா, அக்கா என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன்மா" என்றார். "ஒன்கிட்ட பேசும்போது அவளுக்கு இருமல் இருந்துச்சா?"